கையுறையில் டீசல் வாசனை

கணவனின் சட்டையில் வேறொருத்தியின் சென்ட் வாசனை அடித்தால் ஒரு பெண்ணுக்கு நெஞ்சு எப்படிப் பதறும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆர்லிஸுக்கு அப்படிப் பதறியது. ஆனால் அடித்தது சென்ட் அல்ல, டீசல்.

பின்வாசல் ஆணியில் டெல்மர் மாட்டியிருந்த தோல் கையுறைகளை எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கப் போனாள். செப்டம்பர் கடைசி. ஊருக்கு மேலே நின்ற பிக்ஹார்ன் மலை உச்சியில் அதற்குள் முதல் பனி விழுந்திருந்தது. கையுறை கைக்கு வந்ததுமே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. நல்ல கனமான, எண்ணெய்ப் பிசுக்குள்ள வாசனை. ஒருமுறை ஒட்டினால் சோப்புக்கும் போகாது.

அந்த வீட்டில் டீசலில் ஓடுவது ஒன்றுகூட இல்லை. பிக்கப் பெட்ரோல். புல் வெட்டும் இயந்திரம் பெட்ரோல். மர ரம்பம் பெட்ரோல். அவளுடைய சின்னக் காரும் பெட்ரோல். கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, டெல்மர் டீசல் பம்ப்பைக் கையால் தொட்டவரில்லை.

"எங்க போயிருந்தே?" என்று கேட்டாள்.

"நடக்கத்தான். டாக்டர் சொன்னாரே."

"எந்தப் பக்கம்?"

"ஆத்தோரமா."

"ஆத்துல டீசல் ஓடுதா?"

டெல்மர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "என்ன?" என்றார், காதில் விழாத மாதிரி.

"ஒண்ணுமில்ல. காபி ஆறுது, குடி" என்றாள் ஆர்லிஸ். கையுறையை அடுப்புப் பக்கம் வைக்கவில்லை. மறுபடி அதே ஆணியில், அதே கோணத்தில் மாட்டினாள்.

ஆர்லிஸைச் சந்தேகப் பிராணி என்று ஊரே சொல்லும். ஊர் தீவனக் கடையில் கல்லாவில் நிற்பவள் அவள். நாணயத்தைச் சுண்டிப் பார்த்துத்தான் போடுவாள். முட்டைப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு முட்டையையும் உருட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டாள். தேவாலயத்தில் பாதிரியார் ஜெபத்துக்குக் கண்ணை மூடச் சொன்னால் இவள் ஒரு கண்ணைத் திறந்து, மற்றவர்கள் மூடியிருக்கிறார்களா என்று பார்ப்பாள். இதையெல்லாம் ஊர் சிரிப்பாகச் சொல்லும். சிரிப்புக்குப் பின்னால் இருந்த ஒன்பது வயதுப் பெண்ணை யாருக்கும் தெரியாது.

அவளுடைய அப்பா ஒரு சனிக்கிழமை காலையில், "பழைய வண்டி ஒண்ணு விலைக்கு வருதாம், ஓட்டிப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். அவருக்கென்று நாலு அப்பத்தைத் தட்டில் எடுத்து வைத்து மேலே இன்னொரு தட்டை மூடினாள். வண்டி நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். அவர் அதில் ஏறிப் போனவர், திரும்பவில்லை. நெவாடாவில் வேறு குடும்பம் இருப்பதாகப் பல வருஷம் கழித்து யாரோ சொன்னார்கள். வாசலில் சக்கரச் சத்தம் கேட்டபோதெல்லாம் ஓடிப்போய் ஜன்னலில் மூக்கை வைத்து நின்ற அந்தச் சிறுமி, ஐம்பத்தெட்டு வயது ஆர்லிஸுக்குள் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

ஆண்பிள்ளை வண்டி மாற்றினால் அடுத்து வீட்டை மாற்றுவான். அவள் படித்த பாடம் அது ஒன்றுதான்.

அதனால்தான் டெல்மரைக் கட்டிக்கொண்டாள். கிராமங்களுக்குத் தபால் கொண்டுபோகிறவர். ஒரே சாலை, ஒரே வீடுகள், ஒரே நேரம். வாங்கின வண்டியை அது உதிரும்வரை ஓட்டுகிறவர். புது வண்டிக் கடைப் பக்கம் போனால் தலையைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார். இப்படி ஒருவர் ஓடிப்போவதற்கு ஆசைப்பட்டால்கூடச் சோம்பேறித்தனத்தில் விட்டுவிடுவார் என்று கணக்குப் போட்டுத்தான் சரி என்றாள்.

அந்த டெல்மர்தான் இந்தக் கோடையில் டீசல், டீசல் என்று ஆரம்பித்தார்.

ஆரம்பித்த நாள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஜூலையில் மலைமேல் ஏரிக்கரையில் கேம்பரை நிறுத்தி ஒரு வாரம் இருந்துவிட்டு இறங்கினார்கள். பிக்கப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற வீட்டு வண்டி அது, அவர்களுடையது சின்னதுதான். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, மடக்கு மேசை. ஆனாலும் இறக்கத்தில் அது பின்னாலிருந்து ஒரு காளை மாதிரி முட்டும். பாதி மலை வரும்போது பிரேக்கிலிருந்து கருகல் நாற்றம் வந்தது. பிறகு புகை. டெல்மர் மிதிக்க மிதிக்க வண்டி நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. வளைவில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. ஆர்லிஸ் கத்தினாள். எப்படியோ ஓரத்துச் சரளைக் கல்லில் இறக்கி நிறுத்தினார். நின்ற பிறகும் அவருடைய விரல்கள் ஸ்டியரிங்கை விடவில்லை. அவள்தான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

அன்று ராத்திரி ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "பெட்ரோல் எஞ்சினுக்கு இறக்கத்துல பிடி கிடையாது. டீசல் வாங்கணும்."

அதற்குப் பிறகு கேம்பர் வீட்டுப் பின்புறம் தார்ப்பாய்க்குள் போனது. ஆகஸ்ட் போயிற்று. செப்டம்பரும் முடியப் போகிறது. கேம்பரை வெளியே எடுக்கலாமா என்று கேட்டால், "டீசல் வரட்டும்" என்பார். சரி, வாங்கலாம் என்றால், "பார்க்கலாம்" என்பார். வாங்கவும் இல்லை, விடவும் இல்லை. இப்போது கையுறையில் வாசனை.

தீவனக் கடையில் காலையில் ஒரு காபிக் கூட்டம் கூடும். மூட்டைகள்மேல் உட்கார்ந்துகொண்டு இலவசக் காபியைக் குடித்துவிட்டு ஒரு மூட்டைகூட வாங்காமல் போகிற கூட்டம். வெர்ஜில் என்கிற மாட்டுக்காரர் டீசல் கட்சி. ஹாய்ட் என்கிற பழைய மெக்கானிக் பெட்ரோல் கட்சி. இவர்களுடைய சண்டையைத் தினமும் கேட்டுக் கேட்டு ஆர்லிஸின் காது மரத்துப்போயிருந்தது. அன்றைக்குத் தானே போய் வாயைக் கொடுத்தாள்.

"கேம்பர் இழுக்க எதுய்யா நல்லது? சண்டை போடாம சொல்லுங்க."

"இதுல சண்டை என்ன இருக்கு? டீசல்" என்றார் வெர்ஜில். "மேட்டுல மூச்சு வாங்காது. இறக்கத்துல ஒரு பொத்தானை அமுக்கினா எஞ்சினே வண்டியப் பிடிச்சுக்கும். பிரேக்கத் தொடவே வேணாம். தூங்கிக்கிட்டே இறங்கலாம்."

"நீ முழிச்சிருக்கும்போதே தூங்கிக்கிட்டுதான் ஓட்டறே" என்றார் ஹாய்ட். "ஆர்லிஸ், இவன் பேச்சைக் கேக்காதே. வருஷத்துல நாலு தடவை ஏரிக்குப் போறவங்களுக்கு எதுக்கு டீசல்? குளிர்ல எண்ணெய் கெட்டியாப் போயிடும். ராத்திரி பூரா எஞ்சினுக்கு வயர் மாட்டிச் சூடு காட்டணும். பொண்டாட்டிக்குக்கூட இவன் போர்வை போர்த்தினதில்ல, வண்டிக்குப் போர்த்தறான்."

"என் வண்டி குறட்டை விடாது."

"ரிப்பேருக்கு நின்னா ஒரு பசுவை விக்கணும்."

"உன் பெட்ரோல் வண்டி மேட்டுல கத்தற கத்தல் பக்கத்து மாகாணம் வரைக்கும் கேக்குது. கன்னு போடற மாடு மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்போடு சிரிப்பாக வெர்ஜில் சொன்னார்: "உனக்கு எதுக்கு இந்த விசாரணை அம்மணி? உன் வீட்டுக்காரர்தான் முடிவே பண்ணிட்டாரே. போன சனிக்கிழமை மலையில பார்த்தேனே, கொரீனோட டீசல்ல ஜம்முனு…"

ஹாய்ட் அவர் காலை மிதித்தது ஆர்லிஸ் கண்ணுக்குத் தப்பவில்லை. வெர்ஜில் பாதியில் நிறுத்திவிட்டுக் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடினார்.

"ஆமா, சொன்னாரு" என்றாள் ஆர்லிஸ். "ஓட்டிப் பார்த்துட்டு வர்றேன்னு சொன்னாரு."

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்த வார்த்தைகள் யாருடையவை என்று அவளுக்கு உறைத்தது. கல்லாவைப் பிடித்துக்கொண்டாள்.

கொரீன் ஆற்றோரத்துக் கடைசி வீட்டுக்காரி. கணவர் ராய்ஸ் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. ராய்ஸ் ஆசை ஆசையாக வாங்கின பெரிய டீசல் பிக்கப்பும் கேம்பரும் கொட்டகையில் நின்றன. கொரீன் குள்ளமாக, உருண்டையாக, எப்போதும் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். ஓய்வு பெறும்வரை அத்தனை வருஷமும் அவள் வீட்டுப் பெட்டியில் தபால் போட்டவர் டெல்மர்தான். தபால் போட எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு விநாடி. எல்லா நாளும் ஒரு விநாடிதானா? ஆர்லிஸ் அன்று பகல் முழுக்க, முப்பது வருஷத்து விநாடிகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள்.

சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு நேரே கொரீன் வீட்டுக்குப் போனாள். போக ஒரு காரணம் வேண்டும். ராய்ஸ் செத்தபோது உருளைக்கிழங்கும் சீஸும் போட்டு வேகவைத்த கண்ணாடிப் பாத்திரம் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தாள். அடியில் பெயர் எழுதின காகித நாடா ஒட்டியிருக்கும். துக்க வீட்டுக்குப் போன பாத்திரத்தை அவர்களாகத் திருப்பித் தரும்வரை யாரும் கேட்க மாட்டார்கள். பத்து வருஷம் ஆனாலும் கேட்க மாட்டார்கள். கேட்டுப் போனால் சண்டைக்குப் போனதாகத்தான் அர்த்தம்.

"என் பாத்திரம் உங்கிட்ட இருக்குன்னு நினைக்கிறேன்" என்றாள் ஆர்லிஸ், வாசற்படியிலேயே.

கொரீனின் பாட்டு நின்றது.

"பாத்திரத்துக்காகவா வந்தே?"

"ஞாயித்துக்கிழமை விருந்துக்கு வேணும்."

"எடுத்துட்டு வர்றேன். உள்ள வா. ஆப்பிள் பை சுட்டிருக்கேன், ஒரு துண்டு…"

"வேணாம். அப்படியே அந்த வண்டியையும் ஒரு தடவை பார்க்கலாமா? நாங்க டீசல் வாங்கலாம்னு இருக்கோம். தெரிஞ்சிருக்குமே உனக்கு."

கொரீன் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். கொட்டகைக் கதவு திறந்ததும் அந்த வாசனை முகத்தில் அறைந்தது. கையுறையில் இருந்த அதே வாசனை. ஆர்லிஸ் சக்கரத்தை உதைத்துப் பார்த்தாள், ஒப்புக்கு. கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

டிரைவர் இருக்கை முன்னால், ஸ்டியரிங்கை ஒட்டி இழுத்து வைக்கப்பட்டிருந்தது. முதுகுக்கு ஒரு பூப்போட்ட மெத்தை. நெட்டையான டெல்மர் அங்கே உட்கார்ந்தால் முழங்கால் காதைத் தொடும். அப்படியென்றால் ஓட்டியது அவரில்லை. ஒரு கணம் உயிர் திரும்பி வந்தது. மறு கணம் அந்தப் பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். கதவுப் பைக்குள் ஒரு காகிதக் கோப்பை. கோப்பை நிறைய சூரியகாந்தி விதைத் தோல். விதையைக் குறுக்கே கடித்து இரண்டாகப் பிளந்து துப்புகிறவர் இந்த உலகத்தில் ஒருவர்தான். வீட்டில் தினமும் அந்தக் கோப்பையைக் கொட்டுகிறவள் அவள்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். கொரீன் ஓட்டியிருக்கிறாள்.

வேறு ஊரில் இது ஒன்றுமில்லாத விஷயமாக இருக்கலாம். இங்கே கணவனும் மனைவியும் ஒரு பிக்கப்பில் போனால் ஸ்டியரிங் கணவனுக்கு. காய்ச்சல் வந்தாலும் அவனுக்கு, கை ஒடிந்தாலும் அவனுக்கு. மனைவியின் வேலை, கேம்பரைப் பின்னுக்கு எடுக்கும்போது பின்னால் நின்று கையைக் காட்டுவது. இத்தனை வருஷத்தில் டெல்மர் அந்த இருக்கையை ஒரு நாளாவது ஆர்லிஸுக்குக் கொடுத்ததில்லை. அவள் கேட்டதும் இல்லை. இப்போது இன்னொருத்தியிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு, அவள் பக்கத்தில் குழந்தை மாதிரி உட்கார்ந்து விதை கொறித்திருக்கிறார். கட்டிப்பிடித்தார்கள் என்று யாராவது வந்து சொல்லியிருந்தால்கூட ஆர்லிஸுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"பக்கத்துல யாரு உட்கார்ந்தா?" என்று கேட்டாள்.

கொரீன் சாவிக் கொத்தை உருட்டினாள். "அதை நீ அவர்கிட்டதான் கேக்கணும் ஆர்லிஸ்."

ஆர்லிஸ் பாத்திரத்தை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் பொய் வரும். பொய்யைக் கேட்பதைவிடக் காத்திருப்பது மேல் என்று சனிக்கிழமைவரை வாயைக் கட்டிக்கொண்டாள். டெல்மர் சாப்பிட்டார், தொலைக்காட்சி பார்த்தார், தூக்கத்தில் ஏதோ முனகினார். அவள் காதை அருகே வைத்துக் கேட்டாள். பெயர் எதுவும் வரவில்லை.

சனிக்கிழமை காலை டெல்மர், "நடந்துட்டு வர்றேன்" என்று சொல்லிக் கையுறையை மாட்டிக்கொண்டு போனார். அவர் தலை மறைந்ததும் ஆர்லிஸ் காரியத்தில் இறங்கினாள். கடைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியாகிவிட்டது. அவருடைய சட்டைகள், மாத்திரைகள், தூண்டில், குளிருக்குப் போடும் நீள உள்ளாடைகள், எல்லாவற்றையும் எடுத்துக் கேம்பருக்குள் போட்டாள். ஒரு சட்டையை மட்டும் மடித்து வைத்தாள், பிறகு தன்மேலேயே கோபம் வந்து அதையும் கலைத்துப் போட்டாள். தார்ப்பாயை இழுத்து எறிந்தாள். பிக்கப்பில் ஏறி உட்கார்ந்தாள்.

பின்னால் நின்று கை காட்டிக் காட்டி எல்லாம் மனப்பாடம். ஆனால் இன்று கை காட்ட ஆளில்லை. இடம் போனது, வலம் போனது, பம்பரில் ஒரு சொட்டை விழுந்தது. இறங்கிப் பார்ப்பாள், ஏறுவாள், இறங்கிப் பார்ப்பாள். கடைசியில் கேம்பரின் கொக்கி பிக்கப்பின் பின்பக்க இரும்பு உருண்டைமேல் உட்கார்ந்தது. சங்கிலியை மாட்டினாள். பிரேக் வயரைச் செருகினாள். எதிர் வீட்டுக்காரர் வேலிமேல் சாய்ந்து நின்று பார்த்தார்.

"டெல்மருக்கு உடம்பு சரியில்லையா?"

"இல்ல. நல்லாத்தான் இருக்காரு. அதுதான் பிரச்சினை."

மலை ஏறினாள். வெர்ஜில் சொன்னது பொய்யில்லை, மேட்டில் எஞ்சின் கத்தியது. அவளும் உள்ளே உட்கார்ந்து கத்திக்கொண்டுதான் இருந்தாள். 'போ. நீயே கொண்டுபோய் விடறேன். ஜன்னல்ல மூக்கை வெச்சுக்கிட்டு நிக்க மாட்டேன் இந்தத் தடவை.' கண்ணீரில் சாலை கலங்கியது. துடைத்துக்கொண்டு ஓட்டினாள்.

உச்சியில், லாரிக்காரர்கள் இறங்குவதற்கு முன் நிறுத்திப் பிரேக்கைத் தொட்டுப் பார்க்கிற ஒரு பரந்த ஓரம் உண்டு. அங்கே நிறுத்தினாள். அதிக நேரம் காத்திருக்கவில்லை. டீசலின் தடதடப்பு கேட்டது. கொரீனின் பெரிய பிக்கப், பின்னால் அவளுடைய கேம்பரோடு, மெதுவாக வந்து எதிரில் நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு முகம். ஒன்று உருண்டை. இன்னொன்று சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

ஆர்லிஸ் போய் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"இறங்கு டெல்மர்."

அவர் இறங்கினார். அவளுக்குப் பின்னால் நின்ற கேம்பரைப் பார்த்தார். "இதை… இங்க யாரு கொண்டுவந்தா?"

"நான்தான். பேயா வந்து ஓட்டும்?"

"நீயா?"

"உன் துணிமணி, மருந்து, அந்தப் பாழாப்போன தூண்டில், எல்லாம் உள்ள இருக்கு. உனக்கு டீசல்தானே வேணும்? இதைக் கழட்டி அதுல மாட்டிக்கோ. எந்த ஊருக்கு வேணா போ. ஓட்டிப் பார்த்துட்டு வர்றேன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாதே."

கொரீன் அந்தப் பக்கமாகக் குதித்து இறங்கினாள். "ஆர்லிஸ், நீ நினைக்கிற மாதிரி…"

"நான் என்ன நினைக்கிறேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"துக்கப் பாத்திரத்தைத் திருப்பிக் கேட்டு வந்தவ என்ன நினைப்பான்னு ஊருக்கே தெரியும்" என்றாள் கொரீன். பிறகு டெல்மரைப் பார்த்து, "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா? எனக்குக் குளிருது" என்றாள்.

டெல்மர் கையுறையைக் கழற்றினார். வெறும் கையை நீட்டினார். விரல்கள் தாமாகவே நடுங்கிக்கொண்டிருந்தன.

"இந்த இறக்கத்தைப் பார்த்தாலே இப்படி ஆயிடுது. ஜூலையிலேருந்து. நம்ம கேம்பருக்குப் பக்கத்துல போனாக்கூட நெஞ்சு அடைக்குது. பக்கத்துல உட்கார்ந்தாவது பழகிக்கலாம்னு பார்த்தேன். கொரீன் கேம்பரை இழுத்துக்கிட்டுப் போறதைத் தபால் போடற காலத்துல பார்த்திருக்கேன். அதான் கேட்டேன்."

"ராய்ஸுக்குக் கை நடுக்கம் வந்தப்புறம் நான்தான் ஓட்டினேன்" என்றாள் கொரீன். "ஊருக்குத் தெரியக்கூடாதுன்னு ஊரு எல்லை தாண்டினதும் நாங்க இடம் மாத்திக்குவோம். ஊருக்கு முன்னாடி மறுபடி அவரு வந்து உட்கார்ந்துப்பாரு. இதோ, உன் ஆளு கதையும் அதேதான். வாரா வாரம் கூட்டிட்டு வர்றேன். இறங்கும்போது கண்ணை மூடிக்கிட்டு விதையைக் கடிக்கிறாரு. கூலின்னு எனக்கு டீசல் ஊத்திக் கொடுக்கறாரு. ஊத்தத் தெரியாம கையெல்லாம் வழிய விட்டுக்கறாரு."

ஆர்லிஸ் நம்பவில்லை. நம்ப ஆசையாக இருந்தது, அதனாலேயே நம்பவில்லை. கணவனின் முகத்தையும் கொரீனின் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். எங்கேயாவது ஒரு ஓட்டை இருக்கும்.

"பயமா இருக்குன்னு எங்கிட்ட சொல்றதுக்கு என்ன? அவகிட்ட சொல்ல முடிஞ்சது, எங்கிட்ட முடியலையா? எதுக்கு டீசல், டீசல்னு கதை விட்டே?"

டெல்மர் கழற்றின கையுறையைக் கோட்டுப் பைக்குள் திணித்தார்.

"சொல்லிடு" என்றாள் கொரீன்.

"சும்மா இரு கொரீன்."

"பாத்தியா, இன்னும் என்னவோ இருக்கு" என்றாள் ஆர்லிஸ். "என்ன அது டெல்மர்?"

அவர் இறக்கம் ஆரம்பிக்கும் இடத்தைக் காட்டினார். மஞ்சள் பலகை ஒன்று நின்றது. கனமான வண்டியை இழுப்பவர்கள் கியரைக் குறைத்துவிட்டு இறங்கவும் என்று எழுதியிருந்தது.

"அன்னிக்கு இங்க வர்றப்போ எனக்கு ஒரு போன் வந்தது. எங்க அக்கா. பேசிட்டு வெச்சேன். யாருன்னு நீ கேட்டே. சொன்னேன். அக்கா ஏன் இந்த நேரத்துல கூப்பிடறான்னு கேட்டே. நான் ஏன் குரலைத் தாழ்த்திப் பேசினேன்னு கேட்டே. போனைக் காட்டுன்னே. நான் உனக்குப் பதில் சொல்லிக்கிட்டே இந்தப் பலகையைத் தாண்டிட்டேன். கியரைக் குறைக்கவே இல்ல. பிரேக்கை மட்டுமே மிதிச்சுக்கிட்டுப் போயிட்டேன். வண்டி மேல தப்பே இல்ல ஆர்லிஸ். பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இதுல ஒண்ணுமே இல்ல."

காற்று கேம்பரின் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.

"அப்புறம் ஏன்…"

"வண்டி சரியில்லன்னு சொன்னா வண்டியோட போயிடும். இல்லாட்டி உன்னாலன்னு ஆயிடும். நீ அதையும் தூக்கிக்கிட்டுத் திரியணுமா? உங்கப்பன் கொடுத்ததே போதாதா உனக்கு?"

ஆர்லிஸ் அப்படியே பிக்கப்பின் படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் சந்தேகப்பட்டது சரிதான். அவர் பொய்தான் சொல்லியிருக்கிறார், நாள் தவறாமல், கண்ணைப் பார்த்து. வாழ்நாள் முழுக்க அவள் தோண்டித் தோண்டித் தேடிய பொய் கடைசியில் கையில் கிடைத்துவிட்டது. அது அவளைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன பொய். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, ஒன்பது வயதில் அழாமல் விட்டதையெல்லாம் சேர்த்து அழுதாள். டெல்மர் பக்கத்தில் உட்கார்ந்து, நடுங்குகிற கையை அவள் முதுகில் வைத்தார்.

கொரீன் மூக்கை உறிஞ்சினாள். "சரி, போதும். இந்தக் கேம்பர் கீழே இறங்கணுமே. என் வண்டியை இங்க விட்டுட்டு உங்களதை நான் ஓட்டிட்டுப் போகட்டுமா?"

ஆர்லிஸ் சட்டென்று தலையைத் தூக்கினாள். "வேணாம்."

"இறக்கத்துல நீ இழுத்ததில்லையே."

"காலை வரைக்கும் ஏத்தத்துலயும்தான் இழுத்ததில்ல."

"அந்தப் பலகையைப் படிச்சிட்டுப் போ" என்றாள் கொரீன். "உன் பாத்திரம் என் வண்டிப் பின் சீட்டுல இருக்கு, எடுத்துக்கோ. கழுவித்தான் வெச்சிருக்கேன், மோந்து பார்க்க வேணாம்."

டெல்மர் எழுந்து போய்த் தங்கள் பிக்கப்பைச் சுற்றி நடந்தார். ஸ்டியரிங் பக்கத்துக் கதவருகே ஒரு விநாடி நின்றார். பிறகு அதைத் தாண்டிப் போய் மறுபக்கத்துக் கதவைத் திறந்து ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

ஆர்லிஸ் கியரைக் குறைத்தாள். எஞ்சின் ஊளையிட்டது. வண்டி முனகிக்கொண்டே, நடக்கிற வேகத்துக்குக் கொஞ்சம் மேலாக இறங்கியது. கேம்பர் பின்னாலிருந்து முட்டியது, எஞ்சின் அதைப் பிடித்துக்கொண்டது. பின்னால் ஒரு கார்க்காரன் ஹாரன் அடித்தான். அடிக்கட்டும். டெல்மர் தலைக்குமேல் இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

முதல் வளைவிலேயே அவள் நாக்கில் அந்தக் கேள்வி வந்து உட்கார்ந்துவிட்டது. இத்தனை சனிக்கிழமை, மேலே ஒரு மணி, கீழே ஒரு மணி, இரண்டு பேரும் அப்படி என்னதான் பேசிக்கொண்டார்கள்? உதட்டைக் கடித்தாள். இரண்டாவது வளைவில் அது பல்லை முட்டியது. சரளைக் கல்லில் அன்றைக்கு நின்ற இடம் வந்தது. டெல்மரின் மூச்சு ஏறி இறங்குவது அவளுக்குக் கேட்டது. "தாண்டிட்டோம்" என்று மட்டும் சொன்னாள். இரண்டு கையும் ஸ்டியரிங்கில், கண் சாலையில். பிரேக்கை ஒருமுறை தொட்டாள், விட்டாள். புகை இல்லை.

மலை முடிந்து வயல்வெளி விரிந்தது. சாலை தட்டையாகி நேரானது. டெல்மர் ஒரு கண்ணைத் திறந்தார், பிறகு இன்னொன்றை. கைப்பிடியை விட்டார்.

ஆர்லிஸ் கியரை மாற்றினாள். இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"டெல்மர்."

"ம்."

"அவளும் நீயும் போறப்போ வர்றப்போ என்ன பேசுவீங்க?"

"அவ பாட்டுப் பாடுவா. நான் கண்ணை மூடிக்குவேன்."

"பூரா நேரமுமா?"

"பூரா நேரமும்."

"என்ன பாட்டு?"

டெல்மர் சிரிக்க ஆரம்பித்தார். பல மாதம் கழித்து வந்த சிரிப்பு, நிறுத்த முடியாமல் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். ஆர்லிஸ் சிரிக்கவில்லை. பதிலுக்குக் காத்துக்கொண்டு, வீட்டை நோக்கி ஓட்டிக்கொண்டிருந்தாள்.